கூடா நட்பு: ஒரு நிரல்மொழி உடையும் விதம்

நிரல்மொழிகள் உடையும் காலம் முடிந்துவிட்டது என்றொரு நம்பிக்கை கணினியியல் அறிந்தோரிடையே வேரூன்றியிருக்கிறது. அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று. முதன்மையான மொழிகள் பலவற்றுக்குப் பன்னாட்டுத் தரநிலைகள் வந்துவிட்டன. கம்பைலர் எனப்படும் தொகுப்பிகளுள் சிறந்தவை திறந்த மூலமாகக் கிடைக்கின்றன. ஒரு நிறுவனம் மொழியைத் தன் பக்கம் இழுக்க முயன்றால் மற்றவர்கள் உடனே கண்டுகொள்வார்கள். ஆகவே, விண்டோசுக்கு ஒன்று, லினக்சுக்கு ஒன்று என ஒரே மொழி பிரிந்துபோகுமோ என்னும் அச்சம் தொண்ணூறுகளோடு தீர்ந்த பழங்கதை என்கிறார்கள்.

இந்த நம்பிக்கை பிழையானது. மொழி உடைவதைக் காண எதிர்காலத்தை நோக்க வேண்டியதில்லை. இன்றைய அறிவியல் கணிப்பின் தலையாய மொழிகளுள் ஒன்றான சி++ ஏற்கெனவே உடைந்திருக்கிறது. இயங்குதளங்களின் எல்லையில் அன்று. செயலிகளின் எல்லையில் உடைந்திருக்கிறது. விண்டோசுக்கும் லினக்சுக்கும் இடையிலான தலைவாசலை எல்லாரும் காவல் காத்துக்கொண்டிருக்க, கொல்லைப்புறத்தில் நடந்து முடிந்தது இது.

நடந்தது என்ன? 2007-இல் என்விடியா நிறுவனம், படம் வரைவதற்கென்று உருவான ஜிபியுக்களைப் பொதுக் கணிப்புக்கும் பயன்படுத்த உதவும் ‘கூடா’ என்னும் நிரலாக்க ஏற்பாட்டை வெளியிட்டது. சி, சி++ ஆகியவற்றின் மேல் கட்டப்பட்ட ஏற்பாடு அது. சில புதிய குறிச்சொற்கள். ஒரு சார்பை ஆயிரக்கணக்கான இழைகளில் ஒரே நேரத்தில் ஏவுவதற்கு மும்மூன்று கோணக்குறிகளால் ஆன ஒரு புதிய தொடரமைப்பு. நினைவகத்தைக் கையாளச் சில சார்புகள். தொடக்கத்தில் ஏறத்தாழ அவ்வளவே. சி++ அறிந்த மாணவர் அதன் அடிப்படையைச் சில நாள்களில் பற்றிக்கொள்ளலாம். பொருத்தமான கணக்குகள் பன்மடங்கு விரைவில் முடிந்தன. ஆய்வுலகம் மகிழ்ந்து ஏற்றுக்கொண்டது. அந்த மகிழ்ச்சியில் குற்றமில்லை. ஆனால், அந்தக் கோணக்குறிகளைக் கொண்ட கோப்பு, சி++ தரநிலையை எழுத்துப் பிசகாமல் பின்பற்றும் ஒரு தொகுப்பிக்குப் புரியாது. அது சி++ போலத் தோன்றும். பாடத்திட்டங்களில் சி++ என்றே சொல்லப்படும். ஆனால் அது சி++ அன்று.

திருக்குறளின் 83-ஆம் அதிகாரத்துக்குக் கூடாநட்பு என்று பெயர். உள்ளம் ஒன்றாமல் புறத்தே மட்டும் ஒட்டிப் பழகும் நட்பைப் பற்றியது அவ்வதிகாரம். அந்நிறுவனத்தின் ஏற்பாட்டைத் தமிழில் எழுதினால் ‘கூடா’ என்றே வருவது தற்செயல். ஆனால் பொருள் பொருந்திவருவது தற்செயல் அன்று. பொதுமொழியோடு தோளில் கைபோட்டுக்கொண்டு நடந்து, ஒரு கட்டத்தில் மொழியைத் தன் வீட்டுக்குள் அழைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளும் உறவு அது.

ஒருவர் சாத்தியதும் மற்றவர்களும் சாத்தத் தொடங்கினார்கள். ஏஎம்டி நிறுவனம், கூடாவின் சார்புப் பெயர்களை ஏறத்தாழ ஒன்றுக்கொன்றாகப் பின்பற்றி ‘ஹிப்’ என்பதை உருவாக்கியது. ஆப்பிள் தன் கருவிகளுக்கென வைத்திருக்கும் ‘மெட்டல்’ மொழி சி++-ஐ அடிப்படையாகக் கொண்டது. மைக்ரோசாஃப்ட் 2012-இல் ‘சி++ ஏஎம்பி’ என ஒன்றைத் தந்தது. பின்னர் அதைத் தானே கைவிட்டது. அதை நம்பி எழுதியவர்கள் மீண்டும் முதலிலிருந்து எழுத வேண்டியிருந்தது. எல்லாருக்கும் பொதுவாக க்ரோனோஸ் கூட்டமைப்பு 2008-இல் ‘ஓபன்சிஎல்’ தரநிலையை வெளியிட்டது. அதை முன்மொழிந்த ஆப்பிளே 2018-இல் அதைக் கைவிடுவதாக அறிவித்தது. அதே கூட்டமைப்பு, தரநிலை சி++-இன் இலக்கணத்தை மீறாமல் எழுதும்படி ‘சிக்கிள்’ என்பதை வகுத்தது. இன்டெல் அதை முன்னெடுத்தது. விளைவாக, ஒரு காற்றோட்டச் சமன்பாட்டைத் தீர்க்கும் ஒரே கணக்கு இன்று நான்கு வழக்குகளில் எழுதப்படுகிறது. நான்கையும் எழுதுபவர்கள் தாங்கள் சி++ எழுதுவதாகவே நினைக்கிறார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தை நீக்கியாக வேண்டும். ஒரு மொழிக்குப் பல தொகுப்பிகள் இருப்பது பிளவு அன்று. சி மொழிக்கு ஜிசிசி உண்டு, கிளாங் உண்டு, மைக்ரோசாஃப்டின் தொகுப்பி உண்டு. அவை ஒன்றையொன்று திருத்துகின்றன. ஒன்று கண்டுகொள்ளாமல் விட்ட பிழையை இன்னொன்று சுட்டிக்காட்டுகிறது. லினக்ஸ் கருநிரல் நெடுங்காலம் ஜிசிசி-க்கு மட்டுமே உரிய சில வசதிகளை நம்பி எழுதப்பட்டது. அதைக் கிளாங்கிலும் தொகுக்க வேண்டும் என்று சிலர் பல ஆண்டுகள் பாடுபட்டபோதுதான், அந்த வசதிகளில் சில தீங்கானவை என்பது தெளிவாகி நீக்கப்பட்டன. பன்மை மொழிக்கு நலம் செய்தது. எனவே ‘பல செயலாக்கங்கள் வந்தால் மொழி பிளவுபடும்’ என்று அஞ்சுவோரும் தவறுகிறார்கள். ‘பல செயலாக்கங்கள் இருந்தும் பிளவுபடவில்லையே’ என்று மகிழ்வோரும் தவறுகிறார்கள். இரு சாராரும் எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது எண்ணிக்கை அன்று.

பார்க்க வேண்டியது ஒரே கேள்வி. இரண்டு தொகுப்பிகள் ஒரே நிரலுக்கு இரு வேறு விடை தந்தால், எது தவறு என்று தீர்ப்புச் சொல்ல இருவருக்கும் வெளியே ஓர் ஆவணம் உண்டா? உண்டென்றால் அது ஒரே மொழி. தொகுப்பிகள் நூறு இருந்தாலும் ஒரே மொழி. அத்தகைய ஆவணம் இல்லாமல், ஒரு நிறுவனத்தின் தொகுப்பி எப்படி நடந்துகொள்கிறதோ அதுவே மொழி என்றாகிவிட்டால், ஒரே ஒரு தொகுப்பி இருந்தாலும் அங்கே பொதுமொழி இல்லை. நிறுவனத்தின் விளைபொருள் மட்டுமே இருக்கிறது. சி++ தரநிலையைப் பன்னாட்டுக் குழு ஒன்று பேணுகிறது. கூடாவின் கையேட்டை அதை விற்பவரே எழுதுகிறார், அவரே திருத்துகிறார், எந்த வசதி எந்தப் பதிப்போடு முடிவுக்கு வரும் என்பதையும் அவரே தீர்மானிக்கிறார். அதன் உரிமநிபந்தனையில், தொகுப்பின் வெளியீட்டை மறுபொறியியல் செய்து வேறு நிறுவனத்தின் தளத்துக்கு மாற்றுவதைத் தடுக்கும் வாசகமும் உண்டு. வெளியே நின்று தீர்ப்புச் சொல்ல யாரும் இல்லை.

தமிழர்க்கு இந்தத் துன்பம் புதிதும் அன்று. ஒருங்குறி பரவுவதற்கு முன், பாமினியில் தட்டச்சிட்ட கட்டுரை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ரோமன் எழுத்துகளின் குவியலாகத் தெரிந்தது. இணையக் குழுக்கள் திஸ்கியில் எழுதின. தமிழ்நாடு அரசு 1999-இல் டாம், டாப் குறியேற்றங்களை அறிவித்தது. அச்சகங்கள் தத்தம் எழுத்துருக்களோடு இருந்தன. எழுதப்பட்டது அனைத்தும் தமிழே. ஆயினும் ஒருவர் தமிழை மற்றவர் படிக்க மாற்றிகள் தேவைப்பட்டன. அந்நாளில் எந்த எழுத்துரு நிறுவனமும் தமிழை உடைக்க எண்ணவில்லை. ஒவ்வொன்றும் தன் வாடிக்கையாளருக்கு வசதி செய்தது. வசதிகள் கூடி மதில்கள் ஆயின. அக்காலக் கோப்புகளைத் திறக்க முடியாமல் இன்றும் தவிப்போர் உண்டு.

நிரல்மொழிகளின் வரலாற்றில் இதற்கு ஒரு வழக்குப் பதிவே இருக்கிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ், ஜாவாவை ஒருமுறை எழுதினால் எங்கும் இயங்கும் மொழி என்று அறிமுகப்படுத்தியது. 1996-இல் மைக்ரோசாஃப்ட் அதற்கு உரிமம் பெற்றது. பிறகு தன் ‘ஜே++’ வழியே ஜாவாவுக்குப் புதிய குறிச்சொற்களைச் சேர்த்தது. சன் வகுத்த இணைப்பு முறைக்குப் பதிலாகத் தன் சொந்த முறையை வைத்தது. விண்டோசின் உள்ளுறுப்புகளை நேரடியாக அழைக்க வழி தந்தது. நிரலாளர்க்கு அவை இனித்தன. அவற்றைப் பயன்படுத்திய நிரல் விண்டோசுக்கு வெளியே ஓடவில்லை. சன் 1997 அக்டோபரில் வழக்குத் தொடுத்தது. 2001-இல் மைக்ரோசாஃப்ட் இரண்டு கோடி டாலர் கொடுத்து அவ்வழக்கைத் தீர்த்துக்கொண்டது. அமெரிக்க அரசு தொடுத்த வேறொரு வழக்கில் 1999-இல் நீதிமன்றம் பதிவுசெய்த மெய்ம்மைகள் இன்னும் வெளிப்படையானவை. கலப்படமான ஜாவாவின் சந்தையை வளர்ப்பதன் மூலம் எத்தளத்திலும் இயங்கும் ஜாவாவைக் கொல்வது என்பது அந்நிறுவனத்தின் உள் ஆவணம் ஒன்றிலேயே நோக்கமாக எழுதப்பட்டிருந்தது.

இவ்வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் இங்கே நிறுத்தி, ‘நீதி வென்றது, ஜாவா பிழைத்தது’ என்று முடிப்பார்கள். அது பாதி உண்மை. ஜாவா பிழைத்ததற்குக் காரணம் சன்னிடம் பெயருரிமையும் ஒப்புமைச் சோதனைத் தொகுதியும் இருந்ததே. அதே சோதனைத் தொகுதிதான் பிற்காலத்தில் ஆயுதமும் ஆனது. அப்பாச்சி அறக்கட்டளை ‘ஹார்மனி’ என்னும் திறந்த மூல ஜாவாவை உருவாக்கியபோது, ஏற்கத்தக்க நிபந்தனையில் அச்சோதனையைப் பெற முடியவில்லை. 2010 டிசம்பரில் அது ஜாவாவின் செயற்குழுவிலிருந்தே விலகியது. தீர்ப்புச் சொல்பவரும் ஒரு விற்பனையாளர் என்றால், தீர்ப்பு என்றேனும் விலைபேசப்படும் என்பதே அந்நிகழ்வின் பாடம்.

தீர்ப்பாளரே இல்லாத மொழிக்கு நேர்ந்ததற்கு பேசிக் எடுத்துக்காட்டு. 1964-இல் டார்ட்மவுத் கல்லூரியில் கெமெனியும் கர்ட்சும் மாணவர்களுக்கென்று உருவாக்கிய எளிய மொழி அது. எழுபதுகளில் வீட்டுக் கணினிகள் வந்தபோது ஒவ்வொரு கணினியும் தன் பேசிக்கோடு வந்தது. ஒன்றில் எழுதிய நிரலை இன்னொன்றில் அப்படியே ஓட்ட இயலவில்லை. 1978-இல் வந்த தரநிலை மிகச் சிறியது. அதைக் கொண்டு பயனுள்ள நிரல் எதையும் எழுதுவது கடினம் என்பதால் எல்லாரும் அதைக் கடந்து சென்றார்கள். முழுத் தரநிலை 1987-இல் வந்தபோது காப்பாற்ற ஒன்றும் மிஞ்சவில்லை. மொழியை ஆக்கியவர்களே மனம் வெதும்பி, சந்தையில் உலவிய வடிவங்களைத் தெரு பேசிக் என்று அழைத்தார்கள்.

பிளவுபடாமல் தப்பிய மொழி எது, எதனால் தப்பியது என்று கேட்டால், பலரும் எள்ளி நகையாடும் கோபாலைத்தான் சுட்ட வேண்டும். 1960 டிசம்பரில் ஒரே கோபால் நிரல், ஏறத்தாழ மாற்றமின்றி, ஆர்சிஏ 501, யூனிவாக் II என்னும் இரு வேறு நிறுவனங்களின் கணினிகளில் ஓட்டிக் காட்டப்பட்டது. இந்த ஒற்றுமை நிறுவனங்களின் நல்லெண்ணத்தால் நிலைபெறவில்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, கோபால் தொகுப்பி இல்லாத கணினியைத் தக்க காரணமின்றி வாங்குவதில்லை என்று நிலையெடுத்தது. பின்னர் கடற்படையில் கிரேஸ் ஹாப்பரின் குழு, ஒரு தொகுப்பி தரநிலைக்கு ஒத்து நடக்கிறதா என்று சோதிக்கும் நிரல்களை உருவாக்கியது. சோதனையில் தேறாத தொகுப்பிக்கு அரசுச் சந்தையின் கதவு அடைபட்டது. மொழியை ஒன்றாக வைத்திருந்தது இலக்கண நூல் மட்டும் அன்று. அந்த இலக்கணத்தைக் கேட்டு வாங்கிய வாடிக்கையாளர். மொழியின் ஒருமையை வாங்குபவரே காக்கிறார், அல்லது வாங்குபவரே கைவிடுகிறார். கூடாவின் கதையில் கைவிட்டவர் யார் என்பதே இன்றைய கேள்வி.

இதற்கு எதிராக நான்கு வாதங்கள் வைக்கப்படுகின்றன.

முதல் வாதம்: வேகம் வேண்டுமென்றால் வன்பொருளின் தனித்தன்மையைத் தொட்டே ஆக வேண்டும்; பொதுமொழி அதற்கு இடம் தராது. இதில் உண்மை உண்டு. ஆனால் அது முழு நிரலையும் ஒரு நிறுவனத்தின் வழக்கில் எழுதுவதற்கான நியாயம் ஆகாது. தொல்காப்பியம் திசைச்சொல்லை விலக்கவில்லை. சொல்வகை நான்கனுள் ஒன்றாக வைத்து இடம் தந்தது. இடம் தந்ததே தவிர, இலக்கணத்தை அத்திசையின் கையில் ஒப்படைக்கவில்லை. நிரலிலும் அதுவே முறை. மிகுந்த நேரத்தை விழுங்கும் சில சார்புகளைத் தனிக்கோப்பில் ஒதுக்கி, அவற்றுக்கு மட்டும் வன்பொருள்வழக்கில் ஒரு வடிவம் எழுதலாம். பக்கத்திலேயே, மெதுவாக ஓடினாலும் சரியான விடை தரும் தரநிலை வடிவம் ஒன்றும் இருக்க வேண்டும். இன்று நடப்பதோ தலைகீழ். கோப்பைத் திறப்பதும் உள்ளீட்டைப் படிப்பதும்கூட ஒரு நிறுவனத்தின் சார்புகளோடு பின்னிப் பிணைந்திருக்கின்றன. எது இயற்பியல், எது கருவியின் ஏவல் என்று எழுதியவராலேயே சில ஆண்டுகள் கழித்துப் பிரித்தறிய முடிவதில்லை.

இரண்டாம் வாதம்: மாற்றிகள் இருக்கின்றன, ஒரு வழக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகவே மாற்றிவிடலாம், இனி செயற்கை நுண்ணறிவும் துணைக்கு வரும். பெயர்களை மாற்றுவது எளிது என்பது மெய். பெயர்களுக்குப் பின்னால் உறையும் ஊகங்களை மாற்றுவது எளிதன்று. என்விடியாவின் செயலிகளில் 32 இழைகள் ஓரணியாக நகர்கின்றன. ஏஎம்டியின் கணிப்புக்கான இன்ஸ்டிங்க்ட் வரிசையில் அவ்வணி 64 இழைகளால் ஆனது. அணியின் அளவு 32 என்று உள்ளூர நம்பி எழுதப்பட்ட ஒரு கூட்டல் நிரலை மாற்றி பெயர்த்துக் கொடுக்கும், புதிய தொகுப்பி அதை ஏற்கும், நிரல் ஓடும், விடை மட்டும் தவறாக இருக்கக்கூடும். ஓடாமல் நின்றுபோகும் நிரல் நேர்மையானது. தன் குறையைத் தானே சொல்லிவிடும். பிழையான எண்ணைத் தயக்கமின்றி அச்சிடும் நிரலைக் கண்டுபிடிக்க, சரியான விடை எது என்று சொல்லும் தரநிலை வடிவம் ஒன்று கையில் இருந்தாக வேண்டும். அது இருந்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திராது.

மூன்றாம் வாதம்: இப்போது யாரும் சி++-ஐ நேரடியாகத் தொடுவதில்லை, எல்லாரும் பைதானில் எழுதுகிறார்கள், கீழே இருப்பது எதுவானாலும் பைதான் மறைத்துவிடும். மறைத்தல் வேறு, தீர்த்தல் வேறு. பைடார்ச் நூலகத்தை ஏஎம்டியின் ஜிபியுவில் நிறுவினாலும், நிரலில் அந்தக் கருவியைக் ‘கூடா’ என்றே அழைக்க வேண்டும். போட்டி நிறுவனத்தின் கருவிக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பழைய நிரல்கள் திருத்தமின்றி ஓட வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. அந்த அளவில் அறிவார்ந்ததும்கூட. ஆனால் அது எதைக் காட்டுகிறது? ஒரு நிறுவனத்தின் விளைபொருட்பெயர், ஒரு முழுக் கருவி வகைக்கே பொதுப்பெயராகிவிட்டது என்பதையே காட்டுகிறது. மேலும், பைதானின் அடியில் உள்ள வேகமான உறுப்புகளை யாரோ ஒருவர் ஏதோ ஒரு வழக்கில் எழுதியாக வேண்டும். ஏற்கெனவே யாரும் எழுதிவைக்காத ஒரு சமன்பாட்டோடு வரும் ஆய்வாளர், அந்த அடித்தளத்துக்கு இறங்கியே தீர வேண்டும். ஆய்வு என்பதே யாரும் எழுதிவைக்காததை எழுதுவதுதானே?

நான்காம் வாதம் நடைமுறையாளர்களுடையது: சந்தையில் பெரும்பங்கு ஒருவரிடம் இருக்கிறது; அடுத்த கணினியும் அவருடையதாகவே இருக்கும்; இல்லாத கணினிக்காக ஏன் எழுத வேண்டும்? இவ்வாதத்தை இந்தியாவில் இருந்துகொண்டு ஒருவர் சொல்வது வியப்புக்குரியது. எண்பதுகளின் இறுதியில், இந்தியா நாடிய ஆற்றல் மிக்க க்ரே மீகணினிக்கு ஏற்றுமதி ஒப்புதல் கிடைக்காத சூழலில் பிறந்ததே சி-டாக். அது 1991-இல் வெளியிட்ட பரம் 8000, பிரிட்டனின் இன்மாஸ் நிறுவனம் செய்த டிரான்ஸ்பியூட்டர்களால் ஆனது. டிரான்ஸ்பியூட்டருக்கென்றே பிறந்த மொழி ஒக்கம். இணைநிரலாக்கத்தின் கோட்பாட்டிலிருந்து வார்த்தெடுத்த அழகிய மொழி. சில ஆண்டுகளிலேயே டிரான்ஸ்பியூட்டர் வழக்கொழிந்தது. பரம் வரிசையும் வேறு செயலிகளுக்கு மாறியது. உலகெங்கும் ஒக்கமில் எழுதப்பட்டவை பெரும்பாலும் அந்தச் செயலியோடு மறைந்தன. சி, ஃபோர்ட்ரான் ஆகியவற்றில் எழுதப்பட்டவை அடுத்த கணினிக்கு நடந்து செல்ல முடிந்தது. 1957-இல் ஐபிஎம் 704-க்கென்று பிறந்த ஃபோர்ட்ரான், 1966-இலேயே தரநிலை பெற்றதால்தான் பிறந்த வீட்டை விட்டு வெளியேறி இன்றும் வானிலை மாதிரிகளில் வாழ்கிறது.

இது பழைய வரலாறு என்று தள்ளிவிடவும் வழியில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளியிட்ட ஏற்றுமதி விதி, உயர்நிலைச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பெறுவதில் நாடுகளை மூன்று படிகளாகப் பிரித்தது. இந்தியா நடுப்படியில், உச்சவரம்புக்கு உட்பட்டதாக வைக்கப்பட்டது. அவ்விதி அதே ஆண்டு மே மாதத்தில் விலக்கிக்கொள்ளப்பட்டது. விலக்கியது ஆறுதல்தான். ஆனால் விதித்ததும் விலக்கியதும் வேறொரு நாட்டின் விருப்பம். அடுத்த கணினி யாருடையது என்பதை இந்திய ஆய்வகம் முடிவுசெய்வதில்லை. டெண்டரில் குறைந்த விலை முடிவுசெய்கிறது; அயல்நாட்டு ஆணை முடிவுசெய்கிறது; அந்த ஆண்டின் நிதி ஒதுக்கீடு முடிவுசெய்கிறது. முடிவு தன் கையில் இல்லாதவருக்கே பொதுமொழி இன்றியமையாதது.

2020-இல் உலகத் தரவரிசையில் இடம்பெற்ற பரம் சித்தி, 2023-இல் இடம்பெற்ற ஐராவத் ஆகிய இரண்டும் என்விடியாவின் ஒரே தலைமுறைச் செயலிகளைக் கொண்டவை. அவற்றைத் தேர்ந்தது தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் அவற்றுக்கென எழுதப்படும் நிரல்கள் வேறெங்கும் ஓடுமா என்று கேட்காமல் விட்டால் அது தவறு. மறுபுறம், சி-டாக் ‘ஓம்’ என்னும் பெயரில் உள்நாட்டுச் செயலியை வடிவமைத்துவருகிறது. உள்நாட்டு ஜிபியு வேண்டும் என்ற பேச்சும் அரசு மட்டத்தில் எழுந்துள்ளது. அப்படி ஒன்று உருவாகி வந்தால், முதல் நாள் அதில் ஓடப்போகும் நிரல் எது? பத்தாண்டுகளாகப் பொதுப்பணத்தில் எழுதப்பட்டவை அனைத்தும் வேறொருவர் வீட்டு வழக்கில் இருந்தால், புதிய செயலி நிரல் இல்லாத கணினியாகவே பிறக்கும். சிலிக்கனில் தற்சார்பு பேசிவிட்டு மொழியில் அடிமைச்சீட்டு எழுதிக்கொடுப்பது முரண்.

வேறு வழி இல்லை என்பாருக்கு விடை கண்முன்னே இருக்கிறது. அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆய்வகங்கள் அண்மை ஆண்டுகளில் வாங்கிய பெருங்கணினிகளில், பெர்ல்மட்டர் என்விடியாவுடையது, ஃபிரான்டியர் ஏஎம்டியுடையது, அரோரா இன்டெலுடையது. மூன்று வாசல்களிலும் நுழைய வேண்டியிருந்ததால் அங்குள்ள அறிவியலாளர்கள் பொதுவழியைத் தேடியே ஆக வேண்டியிருந்தது. சாண்டியா ஆய்வகம் உருவாக்கிய ‘கோக்கோஸ்’ நூலகம், தரநிலை சி++-இல் ஒருமுறை எழுதியதை வெவ்வேறு செயலிகளில் ஓட்ட உதவுகிறது. அதைக் கொண்டு மீண்டும் எழுதப்பட்ட ‘ஸ்க்ரீம்’ என்னும் வளிமண்டல மாதிரி, ஃபிரான்டியரில் ஓடி 2023-இல் காலநிலை மாதிரியாக்கத்துக்கான கோர்டன் பெல் பரிசைப் பெற்றது. பொதுமொழியில் எழுதினால் வேகம் கிடைக்காது என்ற கூற்றுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டுமா? அங்கும் கருவியைத் தொடும் வேலையை யாரோ செய்தார்கள். அதை ஒரே இடத்தில், எல்லாருக்குமாக, ஒருமுறை செய்தார்கள். ஒவ்வொரு மாணவர் தலையிலும் சுமத்தவில்லை.

மாணவர் தலையில் சுமத்தப்படும்போது நேர்வது என்ன என்பதையும் சொல்லியாக வேண்டும். முனைவர் பட்டத்துக்காக ஒருவர் ஐந்தாண்டுகள் ஒரு நிரலை வளர்க்கிறார். பட்டம் பெற்றுச் செல்கிறார். அடுத்து வருபவர் அந்த நிரலைப் பெறும்போது கணினி மாறியிருக்கிறது, நிரல் ஓடவில்லை. ஆய்வேட்டில் அச்சான எண்கள் மட்டும் இருக்கின்றன. அவற்றை மீண்டும் பெற்றுச் சரிபார்க்கக் கருவி இல்லை. ஒருவர் கண்டதை இன்னொருவர் செய்து சரிபார்க்க முடிவதே அறிவியல். ஒரு நிறுவனத்தின் ஒரு தலைமுறைக் கருவியில் மட்டுமே சரிபார்க்க முடிகிற முடிவு, அந்தக் கருவி ஏலத்துக்குப் போகும் நாளில் வெறும் சாட்சியமாகச் சுருங்கிவிடுகிறது.

இதில் நிறுவனத்தைத் திட்டித் தீர்ப்பது எளிது, பயன் இல்லை. என்விடியா நல்ல கருவியைச் செய்தது. நல்ல கையேடு எழுதியது. பிறர் உறங்கியபோது உழைத்தது. வாடிக்கையாளரைத் தன்னிடம் தக்கவைப்பது வணிகத்தின் இயல்பு. குற்றம் வாங்குபவரிடம் இருக்கிறது. வாங்குபவர் என்றால் பல்கலைக்கழகங்கள், தேசிய ஆய்வகங்கள், நிதி நல்கும் துறைகள். கோபாலைக் காத்த அதே அதிகாரம் அவர்கள் கையில் இருந்தும், பேனாவை எடுக்கவில்லை.

செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, பொதுப்பணத்தில் கணினி வாங்கும் ஒவ்வொரு டெண்டரிலும், தரநிலை மொழியில் மட்டுமே எழுதப்பட்ட சோதனை நிரல் ஒன்று இடம்பெற வேண்டும். அதைத் திருத்தாமல் ஓட்டிக்காட்டுவதற்கு மதிப்பெண் உண்டு என்று எழுத வேண்டும். விற்பவர் அந்த மதிப்பெண்ணுக்காகவேனும் தரநிலையை மதிப்பார். இரண்டாவது, நிதி பெற்று எழுதப்படும் நிரலின் மூல வடிவம் தரநிலை மொழியில் இருக்க வேண்டும். வன்பொருள்வழக்கு வேண்டுமெனில் அது தனிக்கோப்பில், மூல வடிவத்தின் விடையோடு ஒப்பிட்டுக் காட்டப்பட்டதாக இருக்க வேண்டும். மூன்றாவது, இணைக் கணிப்பு என்ற பெயரில் ஒரே நிறுவனத்தின் விளைபொருளை மட்டும் கற்பிக்கும் பாடங்கள் மாற வேண்டும். இல்லையேல் அந்த நிறுவனத்தின் பெயரையே பாடத்தின் தலைப்பில் இட வேண்டும். மாணவர் தாம் எதைக் கற்கிறார் என்று அறிந்து கற்கட்டும்.

இம்மூன்றுக்கும் புதிய நிதி பெரிதாக வேண்டியதில்லை. புதிய கண்டுபிடிப்பும் வேண்டியதில்லை. கேட்டு வாங்கும் துணிவு போதும். ஒரு மொழி பிளவுபடுமா என்று கேட்பவர்கள் தொகுப்பியின் உள்ளே விடை தேடுகிறார்கள். விடை அங்கே இல்லை. டெண்டர் படிவத்தில் இருக்கிறது. அதில் ஒரு வரி எழுதப்படாமல் போகும் ஒவ்வொரு முறையும், ஒரு தலைமுறையின் உழைப்பு வேறொருவர் வீட்டுச் சாவியோடு சேர்த்துப் பூட்டப்படுகிறது.